120 கிலோ தூக்குகிறேன், இது போதுமா?

மண்டபம் பக்கமிருந்து ஒரு தம்பி நீளமாகவே எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார், அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை நானும் மாற்றிவிட்டேன். வயது 38, எடை 72 கிலோ, இரண்டு பிள்ளைகள். மீன் வாங்கி ஐஸ் போட்டு வெளியூருக்கு அனுப்பும் தொழில். படகு கரைக்கு வரும் நாட்களில் விடியற்காலை 3 மணிக்கே வாடியில், அதாவது கரையில் மீன் இறக்கி எடை போடும் கொட்டகையில், நிற்க வேண்டும், லோடுமேன் வராவிட்டால் பெட்டியையும் இவரே தூக்குவார். இரண்டு வருடமாக ஜிம்முக்குப் போகிறார். வாரத்தில் இரண்டு சாயங்காலம், தலா முக்கால் மணி நேரம், அதற்கு மேல் ஒதுக்க முடியாது. டெட்லிஃப்டில், அதாவது இரண்டு பக்கமும் பிளேட் மாட்டித் தரையில் கிடக்கும் இரும்பு ராடைக் குனிந்து பிடித்து நிமிர்ந்து நிற்கும் பயிற்சியில், 100 கிலோவை ஒரே மூச்சில் 5 தடவை தூக்குகிறார், ஒரு நாள் 120 கிலோவும் தூக்கியிருக்கிறார்.

அதில் சந்தோஷப்பட வேண்டியவர் நொந்துபோய் எழுதியிருக்கிறார். அதே ஜிம்மில் 22, 23 வயதுப் பையன்கள் 160 தூக்குகிறார்கள். போனைத் திறந்தால் 200 தூக்காதவன் ஆளே இல்லை என்கிறார்கள். ஜிம் மாஸ்டர், இன்னும் இரண்டு மாதத்தில் வரும் பவர்லிஃப்டிங் போட்டிக்குப் பெயர் கொடுக்கச் சொல்கிறார், "140 இல்லாமல் போனால் நம்ம ஜிம் மானம் போகும்" என்றும் சொல்லியிருக்கிறார். மூன்று வாரத்துக்கு முன் ஐஸ் பெட்டியைத் தூக்கும்போது இடுப்பில் இடது பக்கம் பிடித்துக்கொண்டது. மெடிக்கலில் வலி மாத்திரை வாங்கிப் போட்டதில் நான்கு நாளில் சரியானது. ஆனால் இப்போது ஜிம்முக்குக் கிளம்பும் முன் "ஒரு பாதுகாப்புக்கு" ஒரு மாத்திரை போட்டுக்கொள்கிறார். டிஸ்க் விலகிவிடும், குடல் இறங்கிவிடும், விட்டுத்தொலை என்கிறார் அம்மா. "டாக்டர், வேலையும் பார்த்துக்கொண்டு ஜிம்முக்கும் போகிற என் மாதிரி ஆளுக்கு எவ்வளவு தூக்கினால் அது மரியாதையான எடை? 120 போதுமா, இல்லை சும்மா பொழுதுபோக்கிக்கொண்டு இருக்கிறேனா?"

தம்பி, போதும். போதும் என்பதைவிட நன்றாகவே இருக்கிறது. நான் பிசியோதெரபிஸ்ட், இடுப்பைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களைத்தான் தினமும் பார்க்கிறேன், அதனால் எடை கூடுவதைப் பார்த்துக் கைதட்டுகிற ஆள் நான் இல்லை. இருந்தும் சொல்கிறேன், தூக்கமும் கெட்டு, வாரத்தில் ஒன்றரை மணி நேரம் மட்டும் பயிற்சி செய்து, உங்கள் எடையைப் போல ஒன்றரை மடங்குக்கு மேல் தரையிலிருந்து எடுக்கிறீர்கள் என்றால் அது பொழுதுபோக்கு இல்லை. உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது அந்த மாத்திரைதான். அதற்கு வருகிறேன்.

முதலில் ராடை எடை போடுங்கள்

நீங்கள் சொல்லும் 100 கிலோ உண்மையிலேயே 100 கிலோதானா? சந்தேகப்படுகிறேன் என்று நினைக்காதீர்கள். போட்டியில் வரும் ஆண்களுக்கான ராடு 20 கிலோ, நீளம் ஏழடிக்குக் கொஞ்சம் மேல். சின்ன ஊர் ஜிம்களில் கிடக்கும் ராடு 12 கிலோவும் இருக்கும், 18 கிலோவும் இருக்கும், யாரும் எடை போட்டுப் பார்த்திருக்க மாட்டார்கள், "ராடு இருபது" என்று வாய்க்கணக்காகச் சேர்த்துக்கொள்வார்கள். வார்ப்பு பிளேட்டுகளிலும் முன்பின் இருக்கும். நம் கடற்கரை உப்புக்காற்றில் துருவேறி உதிர்வது வேறு. உங்களிடம்தான் மீன் எடை போடும் பிளாட்பாரத் தராசு இருக்கிறதே, ஒரு நாள் மாஸ்டரிடம் சொல்லிவிட்டு ராடையும் பிளேட்டையும் கொண்டுபோய் ஏற்றிப் பாருங்கள். சந்தேகம் அன்றைக்கே தீரும்.

அதைவிட முக்கியம் பிளேட்டின் அகலம். போட்டிக்கான பெரிய பிளேட்டின் விட்டம் 45 சென்டிமீட்டர், அதனால் ராடு தரையிலிருந்து 22.5 சென்டிமீட்டர் உயரத்தில் நிற்கும். சின்ன ஜிம்களில் பத்துப் பத்துக் கிலோவாக மாட்டுவார்கள், அந்தப் பிளேட் சிறியது, ராடு கணுக்காலுக்கு நெருக்கமாக இறங்கிவிடும். அப்படித்தான் நீங்கள் தூக்குகிறீர்கள் என்றால், போட்டியில் தூக்குகிறவரைவிடக் கூடுதல் தூரம் குனிந்து கூடுதல் தூரம் தூக்குகிறீர்கள், இடுப்புக்கும் அது கூடுதல் வேலை. இரண்டு பக்கமும் பலகையோ ரப்பர் பாயோ போட்டு ராடைச் சரியான உயரத்துக்குக் கொண்டுவாருங்கள். செலவில்லாத மாற்றம், இடுப்புப் பிடிப்பு வந்த ஆளுக்கு அவசியமான மாற்றமும்கூட.

அப்படியென்றால் எவ்வளவு?

இதற்குச் சட்டம் எதுவும் கிடையாது. எடை தூக்குகிறவர்கள் நடுவில் புழங்கும் கணக்கும், என்னிடம் வருகிறவர்களைப் பார்த்து நான் வைத்திருக்கும் கணக்கும் சேர்ந்து இப்படி வரும். வாரம் இரண்டு நாள் பயிற்சி செய்யும், 45 வயதுக்கு உட்பட்ட ஆணுக்கு முதல் வருடத்துக்குள் தன் எடையளவு, இரண்டு மூன்று வருடத்தில் ஒன்றரை மடங்கு. அதுதான் நான் மரியாதையான எடை என்று சொல்வது. பெண்களுக்குத் தன் எடையளவு அல்லது அதற்குக் கால்பங்கு மேல். 50 தாண்டியவர் தன் எடையை வலியில்லாமல் எடுத்து வைத்தாலே எழுந்து நின்று வணக்கம் சொல்லலாம். இரண்டு மடங்கு என்பது நல்ல இலக்கு, ஆனால் அதற்குத் தூக்கம், சாப்பாடு, வருடக்கணக்கான பொறுமை எல்லாம் வேண்டும், அது இல்லாமல் போனதால் யாரும் குறைந்துவிடவில்லை. உங்கள் 72 கிலோவுக்கு ஒன்றரை மடங்கு 108. இரண்டு மடங்கு 144. மாஸ்டர் கேட்கும் 140 எந்த வரிசையில் வருகிறது என்று நீங்களே பாருங்கள்.

இந்த மடங்குக் கணக்கையும் முழுதாக நம்ப வேண்டாம். உடம்பு பெருக்கப் பெருக்க பலம் அதே அளவில் பெருகாது, அதனால் 100 கிலோ ஆளுக்கு ஒன்றரை மடங்கு என்பது 60 கிலோ ஆளைவிடக் கஷ்டம். 2016இல் எடி ஹால் என்ற ஆங்கிலேயர் 500 கிலோவைத் தூக்கினார், உலகமே வாயைப் பிளந்தது, தூக்கி முடித்ததும் அவருக்கு மூக்கில் ரத்தம். 2020இல் ஐஸ்லாந்தின் ஹாஃப்தோர் பியோர்ன்சன் அதற்கு மேல் ஒரு கிலோ சேர்த்து 501 ஆக்கினார். ஆனால் ஹால் அப்போது 180 கிலோவுக்கு மேல் இருந்தவர், மடங்கில் பார்த்தால் மூன்றுகூட வராது. 1985இலேயே லாமர் காண்ட் என்ற அமெரிக்கர் ஏறக்குறைய 60 கிலோ உடம்பை வைத்துக்கொண்டு அதைப் போல ஐந்து மடங்கு, சுமார் 300 கிலோவைத் தூக்கிவிட்டார். இதில் இன்னொரு விஷயம், அவருக்கு முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்திருந்தது, கையும் நல்ல நீளம், நிமிர்ந்து நின்றால் ராடு முழங்காலுக்குக் கிட்டேயே இருக்கும். கை நீளமான ஆளுக்கு ராடு போக வேண்டிய தூரம் குறைவு. பக்கத்தில் தூக்குகிற பையனுடைய கையையும் உங்கள் கையையும் நீட்டிப் பார்த்தீர்களா?

அந்தப் பையன்களைப் பற்றி ஒரு வார்த்தை. நம் தென்மாவட்டக் கிராமங்கள் பலவற்றில் இளவட்டக்கல் இன்னும் கிடக்கிறது, தூக்கினால்தான் பெண் கொடுப்பார்கள் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அந்தக் கல்லைக்கூட கல்யாணத்துக்கு முன்னால்தான் தூக்கச் சொன்னார்கள். இரண்டு பிள்ளைக்குத் தகப்பன், ராத்திரி நான்கு மணி நேரம் தூங்கி எழுந்து வந்தவனைக் கூப்பிட்டுத் தூக்கு என்று சொன்னதாக நான் கேள்விப்பட்டதே இல்லை. 22 வயதில் எட்டு மணி நேரம் தூங்கி, அம்மா கையால் மூன்று வேளை சாப்பிட்டு, வாரம் ஐந்து நாள் ஜிம்முக்கு வருகிறவன் 160 தூக்குவது நியாயம்தான், அவனைப் பாராட்டுங்கள், ஆனால் அவனோடு ஒப்பிட்டுக்கொள்ள வேண்டியதில்லை. போனில் பார்க்கும் 200 கிலோ பற்றி அதிகம் பேச விருப்பமில்லை. உள்ளே வெறும் மரமோ பிளாஸ்டிக்கோ வைத்த போலி பிளேட்டுகள் விலைக்கே கிடைக்கின்றன.

என்னைக் கேட்டால் உங்கள் எண் 120 இல்லை, 100. அந்த 120 ஒரு நல்ல நாளில் வந்தது. 100 கிலோவை 5 தடவை என்பது சாதாரண வாரத்தில், லோடு ஏற்றி அலுத்த உடம்போடு செய்வது. எடையை எத்தனை தடவை தூக்கினீர்களோ அந்த எண்ணால் பெருக்கி 30ஆல் வகுத்து, அதே எடையோடு கூட்டினால் ஒரே தடவை எவ்வளவு எடுக்கலாம் என்று உத்தேசமாகத் தெரியும். உங்களுக்கு 117 வருகிறது, ஆக 120 எடுத்தது அதிசயமும் இல்லை, அதைச் சோதிக்க மாதாமாதம் உயிரைக் கொடுத்து இழுக்க வேண்டியதும் இல்லை. ஐந்தாவது தடவையும் முதல் தடவை மாதிரியே முதுகு நேராக இருக்கிறதா, கையை ராடோடு சுற்றிக் கட்டும் ஸ்ட்ராப் இல்லாமல் கை பிடிக்கிறதா, மறுநாள் காலையில் பெட்டிக்குக் குனியும்போது இடுப்பு முனகாமல் இருக்கிறதா, இந்த மூன்றுக்கும் ஆமாம் என்றால் அது உங்களுடைய எடை. எண்ணிக்கை கூடுவது அப்புறம்.

அந்த மாத்திரையை நிறுத்துங்கள்

வலி இருக்கும்போது மாத்திரை போடுவது ஒன்று. வலி வந்துவிடக் கூடாது என்று மாத்திரை போட்டுக்கொண்டு 100 கிலோவைத் தூக்குவது வேறு, இது கூடவே கூடாது. எங்கே நிறுத்த வேண்டும் என்று உடம்பு சொல்வதைத்தான் நீங்கள் முதலிலேயே வாயடைத்துவிடுகிறீர்கள். இன்னொன்று யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். தகரக் கொட்டகை ஜிம், சாயங்காலப் புழுக்கம், காலையிலிருந்து டீயைத் தவிரத் தண்ணீர் சரியாகக் குடிக்காத உடம்பு, அதோடு மெடிக்கலில் வாங்கும் டைக்ளோஃபெனாக் மாதிரி வலி மாத்திரை என்றால் சிறுநீரகத்துக்கு நேரடியான ஆபத்து. வயிற்றுப்புண் வேறு. அதனால் இன்றே நிறுத்துங்கள்.

நிறுத்திவிட்டு, இரண்டு வாரம் 60 கிலோவில் மட்டும் தூக்கிப் பாருங்கள். பத்துக்கு மூன்று என்ற அளவுக்குள் லேசான வலி வந்து மறுநாள் காலையில் போய்விட்டால் பயமில்லை, வாரத்துக்கு ஐந்து கிலோ ஏற்றிக்கொண்டே வரலாம். மாத்திரை இல்லாமல் 60 கிலோவே வலிக்கிறது என்றால் நீங்கள் இன்னும் சரியாகவில்லை என்று அர்த்தம், யாராவது ஒருவரிடம் நேரில் காட்ட வேண்டும். வலி முழங்காலுக்குக் கீழே ஓடுவது, கால் மரத்துப்போவது, நடக்கும்போது செருப்பு கழன்று பாதம் இழுபடுவது, இதெல்லாம் தள்ளிப்போடக் கூடாத அறிகுறிகள். சிறுநீர் கழிப்பதில் சிக்கல், உட்காரும் இடம் மரத்துப்போவது என்றால் அன்றைக்கே ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய்விடுங்கள், விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். உங்கள் கடிதப்படி இப்போதைக்கு இதில் எதுவும் இல்லை.

அம்மா பயப்படுவதில் தப்பில்லை. ஆனால் பாதிதான் சரி. டிஸ்க் கொஞ்சம் பிதுங்கியிருப்பது ஸ்கேன் எடுத்தால் வலியே இல்லாத ஆட்களிடமும் தெரியும், 20 வயதுக்காரர்களிலேயே நூற்றுக்கு 30 பேர் அளவுக்கு, வயது ஏற ஏற இன்னும் அதிகம். படிப்படியாக எடை ஏற்றினால் முதுகுத் தசையும் எலும்பும் பலப்படும். உங்களுக்கு இடுப்பு பிடித்தது ஜிம்மில் இல்லை, வாடியில் ஐஸ் பெட்டியில், அதை அம்மாவுக்கு ஞாபகப்படுத்துங்கள். குடலிறக்கம் எடை தூக்கினாலே வந்துவிடும் என்பதற்கும் உறுதியான ஆதாரம் கிடையாது. தொடை இடுக்கில் வீக்கம் ஏதாவது தெரிந்தால் மட்டும் தூக்குவதை நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். அம்மா கேட்காமல் விட்டது ரத்த அழுத்தம். மூச்சை அடக்கித் தூக்கும் அந்தச் சில விநாடி அழுத்தம் மிக உயரத்துக்கு ஏறி இறங்கும், 38 வயதில் அதை ஒருமுறைகூடப் பார்க்காமல் இருப்பது சரியில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே பார்த்துவிடலாம்.

பெல்ட் போட்டால் இடுப்புக்குக் காவல் என்று எழுதியிருந்தீர்கள். பெல்ட் என்பது வயிற்றை இறுக்கி அழுத்துவதற்கு ஒரு பிடிமானம், அவ்வளவுதான். வயிற்றில் காற்றை நிரப்பி இறுக்கத் தெரியாதவனுக்கு அது வெறும் தோல் வார். 80 கிலோ வரை அதைக் கழற்றி வைத்துவிட்டுப் பழகுங்கள்.

உங்கள் தொழிலுக்கு ஏற்ற கணக்கு

வாடியில் தூக்கும் பெட்டியும் உடம்புக்குச் சுமைதான், ஜிம்முக்குள் போனதும் கணக்கு பூஜ்யத்திலிருந்து தொடங்காது. படகு வந்து இறக்கிய நாளில் டெட்லிஃப்ட் வேண்டாம், அன்றைக்கு ஜிம்முக்குப் போனாலும் மேல் உடம்பைச் செய்துவிட்டு வாருங்கள். வாரத்தில் ஒரு நாள் கனமாக, 5 தடவை வீதம் மூன்று செட். இன்னொரு நாள் அதில் பாதி எடையை முழங்காலுக்குக் கீழே வரை மட்டும் இறக்கி, ராடைத் தரையில் வைக்காமல் மெதுவாக, கூடவே ராடைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழும் ஸ்குவாட். இதற்கு மேல் முக்கால் மணி நேரத்தில் எதையும் திணிக்க வேண்டியதில்லை. சின்ன ஜிம்களில் பெரும்பாலும் இரண்டரை கிலோவுக்குக் கீழே பிளேட் இருக்காது, அதனால் எல்லோரும் ஐந்து ஐந்தாகத் தாவி ஏதோ ஒரு இடத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். ஒன்றேகால் கிலோ பிளேட் ஒரு ஜோடி சொந்தமாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

எடை ஏற்ற உங்களுக்கு ஒரு சீசன் இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். வருமானம் குறைவு, கவலையும் உண்டு, ஆனால் தூக்கம் ஒழுங்காகக் கிடைக்கும் இரண்டு மாதம் வருடத்தில் அதுதான். அப்போது வாரம் மூன்று நாள் போய் 110, 115 என்று ஏற்றுங்கள். படகு கடலுக்குப் போக ஆரம்பித்ததும் இருப்பதைத் தக்கவைத்தால் போதும். இப்போது சீசன் நடுவில் இருந்துகொண்டு "ஏறவே மாட்டேங்குது" என்று வருத்தப்படுகிறீர்கள், எப்படி ஏறும்?

புரோட்டீன் பவுடர் வாங்குவதாக எழுதியிருந்ததைப் படித்துச் சிரித்துவிட்டேன், மன்னிக்கவும். டன் கணக்கில் மீன் அனுப்புகிறவர் மாதம் மூவாயிரத்துக்கு மேல் கொடுத்து டப்பா வாங்குகிறார். உங்கள் எடைக்கு, எடைப்பயிற்சியும் செய்கிறீர்கள் என்பதால், ஒரு நாளைக்கு ஏறக்குறைய 115 கிராம் புரதம் போதும். சூடை, பாறை எதுவானாலும் 100 கிராம் சதையில் 20 கிராம் அளவுக்கு இருக்கிறது. அதோடு முட்டை, பருப்பு, தயிர் சேர்ந்தால் கணக்கு முடிந்தது. காலையில் புரோட்டாவும் டீயுமாக முடித்துக்கொள்வதை மட்டும் மாற்றுங்கள். கருவாட்டை இதில் சேர்க்க வேண்டாம், அதில் உப்பு அதிகம்.

போட்டிக்குப் போவதா?

இந்தத் தடவை வேண்டாம். இடுப்பு பிடித்து மூன்று வாரம்தான் ஆகிறது, சீசன் உச்சத்தில் இருக்கிறது, இரண்டு மாதத்தில் 120லிருந்து 140 என்பது உங்கள் பயிற்சி நேரத்துக்கு நடக்காத காரியம். நடக்க வைக்க முயன்றால் அந்த மாத்திரை ஒன்று இரண்டாகும். பவர்லிஃப்டிங் என்றால் டெட்லிஃப்ட் மட்டும் இல்லை, ஸ்குவாட்டும், மல்லாந்து படுத்து ராடை மேலே தள்ளும் பெஞ்ச் பிரஸ்ஸும் உண்டு, அந்த இரண்டைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. ஸ்ட்ராப் போட விடமாட்டார்கள், ராடைத் தொடையில் முட்டுக்கொடுத்து ஏற்றினால் செல்லாது, மேலே நிறுத்தி நடுவர் சொன்ன பிறகுதான் இறக்க வேண்டும். பழகாமல் போகிற இடம் இல்லை.

மாஸ்டரிடம் நேராகச் சொல்லிவிடுங்கள், "அண்ணே, இடுப்பு சரியாகட்டும், அடுத்த தடவை பார்க்கலாம்" என்று. ஜிம் கட்டணம் கட்டுகிறவர் நீங்கள், அவர் ஜிம்மின் மானம் உங்கள் இடுப்பில் தொங்கவில்லை. அவர் நல்ல மாஸ்டராக இருந்தால் இதைக் கேட்டுக் கோபப்பட மாட்டார். கோபப்பட்டால் வேறு ஜிம் பார்க்கலாம்.

ஆசை இருக்கிறது என்றால் அதையும் கெடுக்க மாட்டேன். இன்னும் இரண்டு வருடத்தில் உங்களுக்கு 40. பவர்லிஃப்டிங்கில் 40 வயதிலிருந்து மாஸ்டர்ஸ் என்று தனிப்பிரிவு இருக்கிறது, 72 கிலோவுக்கு 74 கிலோ பிரிவில் நிற்பீர்கள், அங்கே எதிரில் 22 வயதுப் பையன் இருக்க மாட்டான். ஒவ்வொரு லிஃப்டுக்கும் மூன்று வாய்ப்பு கொடுப்பார்கள். முதல் வாய்ப்புக்கு, தூக்கம் கெட்ட நாளிலும் மூன்று தடவை எடுக்க முடிகிற எடையைக் கொடுங்கள். இன்றைய நிலைக்கு அது 100, 105தான். அங்கிருந்து மீதி இரண்டு வாய்ப்பில் ஏற்றிக்கொள்ளலாம்.